ஐஸ் கரையாத இரண்டு கோடைகள்

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இன்னும் எந்த வீட்டுக்குப் போனாலும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. போன மாதம் தியாகதுருகத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, கூடத்து மூலையில் பிரிட்ஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணில் பட்டது. பின்பக்கக் கம்பிகளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. உள்ளேயிருந்து எடுத்த சூட்டை அந்தப் பெட்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு எழுந்து போய் இரண்டு கையாலும் பிடித்து அதை முன்னால் இழுத்துவிட்டேன். தரையில் அது போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டார்கள். வீடு திரும்பும் வரை என் மனைவி என்னோடு பேசவில்லை.

நான் சுகாதாரத் துறையில் தடுப்பூசி மருந்து வைக்கும் பெட்டிகளைப் பழுது பார்த்த மெக்கானிக். இப்போது அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டார்களாம். உள்ளே சூடு ஏறினாலோ, வேண்டியதற்கு மேல் குளிர்ந்தாலோ அதுவே அதிகாரியின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். என் இடத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக் இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, எங்கள் ஊழியர் சங்க மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை கேட்டார். உங்கள் சர்வீஸில் பார்த்த பெரிய பிரேக்டவுனைப் பற்றி எழுதுங்கள் என்றார். கம்ப்ரசர் எரிந்த கதை, எலி ஒயரைக் கடித்த கதை எல்லாம் நூறு இருக்கிறது. ஆனால் நான் பார்த்த பெரிய பிரேக்டவுனில் எந்த மிஷினும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதைச் சொல்ல இத்தனை நாள் ஆனது.

படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு. பிறகு நான்கு வருடம் உளுந்தூர்பேட்டை ஓட்டல்களில் கூல்டிரிங்க்ஸ் பெட்டி ரிப்பேர். பிறகு அரசாங்க வேலை. கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. ஊரைச் சுற்றியும் கல்வராயன் மலைமேலும் இருந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் என் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று மருந்துப் பெட்டி. இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இன்னொன்று ஐஸ் செய்யும் ஃப்ரீசர். இரண்டுக்கும் கதவு மேல்பக்கம்தான். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி அடியில் தேங்கி நிற்கும். வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி பக்கத்தில் கதவு வைத்தால், திறந்தவுடன் அத்தனையும் காலடியில் கொட்டிவிடும். இதை நான் ஓட்டலிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் அங்கேயே வந்துவிட்டது.

எனக்கு மேலே இருந்தவர் மெகருன்னிசா மேடம். மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை, அதனால்தான் அத்தனை பயம். ஒரு சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார், டீ குடிக்க மாட்டார். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் அப்படியே நிற்பார். மூடியைத் திறக்க விரலை வைப்பதற்கு முன்னால், உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று கேட்பார். சொல்லத் தெரியாமல் மூடியைத் திறந்து தேடினால் போச்சு. தேடுகிற நேரமெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறதே என்பதை ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்.

காலையும் மாலையும் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நிலையத்தில் மாதம் முழுக்க நான்கு, நான்கு, நான்கு என்றே இருந்தது. மேடம் நோட்டை மூடினார். தெர்மாமீட்டரை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து நாங்கள் மறுபடியும் போனோம். நோட்டில் அந்த வாரமும் காலை நான்கு, மாலை நான்கு. மேடம் பையைத் திறந்து தெர்மாமீட்டரை நோட்டின் மேல் வைத்தார். எழுதியவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பாவமாக இருந்தது. வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேடம் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டி நிஜமாக எத்தனை டிகிரியில் இருந்தது என்று நம் யாருக்கும் தெரியாதே என்றார்.

அவரிடம் நான் ஒரே ஒரு முறை பேர் வாங்கியிருக்கிறேன். ஒரு மருந்துப் பெட்டி காலையில் ஐந்து டிகிரி காட்டும், மாலையில் பத்து காட்டும். கம்ப்ரசரைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மூடி ரப்பரை மாற்றினேன். சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். அறையின் காற்றும் சூடாக இல்லை. மூன்று நாள் அங்கேயே குட்டிபோட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கு ஜன்னல் வழியாக ஒரு பட்டை வெயில் சரியாக மூடிமேல் வந்து விழுந்தது. சூடு வருவதற்குத் தொடவும் வேண்டியதில்லை, காற்றும் வேண்டியதில்லை. சூரியனுக்கும் நமக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத வெளிதான் இருக்கிறது, அதையே தாண்டி வருகிறது, ஒரு ஜன்னலைத் தாண்டாதா? பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. பரவால்லியே என்றார் மேடம். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நேரில் தொட்டு வருவது, காற்றில் ஏறி வருவது, வெறும் வெளியில் தாவி வருவது, மூன்று வழியையும் நான் அடைத்துவிடுவேன் என்று நர்ஸ்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செல்வராணி சிஸ்டர் கிராம சுகாதார நர்ஸ். மலையடிவாரத்தில் இருந்த ஒரு சுகாதார நிலையத்திலிருந்து மருந்தை எடுத்துக்கொண்டு வெள்ளிமலை ரோட்டில் ஜீப்பில் பாதி தூரம் போவார். அங்கே இறங்கி, தோளில் மருந்துப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பேரை நான் எழுதப் போவதில்லை. அவர் தூக்கிப் போனது பிளாஸ்டிக்கில் செய்த கைப்பெட்டி. நாலு பக்கமும் நாலு ஐஸ் பேக்கைச் செருகி நடுவில் மருந்துக் குப்பிகளை வைப்பார்கள். ஐஸ் பேக் என்றால் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த தட்டையான டப்பா. முதல் இரண்டு வருடம் அவர் போனால் அந்த ஊரில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். அவர் விடவில்லை. ஊசி போடாத நாளிலும் ஏறுவார், பிரசவம் பார்ப்பார், தலைவலி மாத்திரை கொடுப்பார், கூடவே உட்கார்ந்து களி சாப்பிடுவார். மூன்றாவது வருடம்தான் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

ஒரு கத்திரி வெயிலில் அவர் பெட்டியில் ஐஸ் முழுதும் கரைந்து, போலியோ சொட்டு மருந்துக் குப்பிகள் சூடு பட்டுவிட்டன. அந்தக் குப்பியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சூடு பட்டால் அது கறுத்து மருந்து வீண் என்று காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் மலை ஏறிப் பாருங்கள், ஐஸ் கரையாமல் என்ன செய்யும் என்றார்.

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது விதி. வெளியே வரிசையாக அடுக்கி வைத்துக் காத்திருக்க வேண்டும். மேலே பூத்திருக்கும் வெள்ளை மறைந்து வேர்வை கட்ட வேண்டும். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் அசைகிற சத்தம் கேட்க வேண்டும். அப்புறம்தான் பெட்டிக்குள். அரை மணி ஆகும், சில நாள் ஒரு மணியும் ஆகும். உருகத் தொடங்கிய ஐஸைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மலை ஏறுவதா? எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அந்த ஃப்ரீசரை நான்தான் அப்போது சரிசெய்திருந்தேன். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

"எடுத்த கையோட போட்டுக்கினு போங்க சிஸ்டர், வேர்க்கவெல்லாம் விடாதீங்க. ஐஸ் கரைஞ்சா என்னைக் கேளுங்க" என்றேன்.

ஐஸ் கரையவில்லை. அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது நாலு பேக்கும் கல்லாகவே இருந்தன. ஒன்றை எடுத்து மேசையில் தட்டிக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் ஆகாயத்தில் பறந்தேன். அந்தக் கோடை, அதற்கடுத்த கோடை, நடுவில் வந்த மழைக்காலம், பனிக்காலம், எல்லாவற்றிலும் அவர் பெட்டி அப்படியே போனது, அப்படியே வந்தது. மாதக் கூட்டத்தில் அவரைப் பாராட்டினார்கள். மேடம் இருந்த கூட்டத்தில் மட்டும் அவர் இதைச் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். விதியை மீறியது தெரிந்தே செய்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இரண்டாம் கோடை முடிந்து அந்த ஊரில் ஒரு பெண் குழந்தைக்கு இருமல் வந்தது. இரண்டு வயது. இருமத் தொடங்கினால் நிற்காது, முகம் நீலம் பாரிக்கும், கடைசியில் மூச்சை இழுக்கும்போது ஒரு கூவல் சத்தம். செல்வராணி தன் சொந்தக் கையால் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். கக்குவான் என்றார் டாக்டர். கக்குவானையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியை மூன்று தவணை போட்ட குழந்தைக்கு எப்படி என்று செல்வராணி கேட்டார். நல்ல மருந்தாக இருந்தாலும் எப்போதாவது ஒரு பிள்ளைக்கு அப்படி வருவதுண்டு என்று டாக்டர் சொன்னார். நாங்கள் அதை நம்பத் தயாராக இருந்தோம். மேடம் தயாராக இல்லை.

அடுத்த ஊசி நாளில், செல்வராணி மலையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு மேடம் வந்து நின்றார். பெட்டியைத் திறந்து ஒரு ஐஸ் பேக்கை எடுத்துக் காதோரம் ஆட்டினார். சத்தம் இல்லை. மேசையில் தட்டினார். டக்கென்று கேட்டது. நான் பாராட்டுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் இன்றைக்கு நம்புவீர்களா? வேர்க்க விட்டீர்களா என்று கேட்டார். இல்லை மேடம், நான்தான் அப்படிச் சொன்னேன், இரண்டு கோடையாக ஒரு நாள்கூடக் கரைந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

மேடம் ஐஸ் பேக்கைக் கீழே வைத்தார். பெட்டியில் மீந்து வந்த முத்தடுப்புக் குப்பி ஒன்றை எடுத்து அடையாளம் போட்டு வைத்தார். அதே தொகுதியில் இன்னொரு குப்பியை ஃப்ரீசருக்குள் போட்டு, வேண்டுமென்றே கல்லாக உறைய வைக்கச் சொன்னார். மறுநாள் காலை அதை வெளியே எடுத்து உருக விட்டோம். பிறகு இரண்டு குப்பியையும் ஒரே கையில் பிடித்து நன்றாகக் குலுக்கி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். அந்த மருந்து நல்லதாக இருந்தால் குலுக்கிய பிறகு மோர் மாதிரி ஒரே கலங்கலாக வெகுநேரம் நிற்கும். உறைந்து கெட்டதாக இருந்தால் திரிதிரியாகப் பிரிந்து அடியில் இறங்கும், மேலே தெளிந்துவிடும். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேண்டுமென்றே கெடுத்த குப்பி தெளிந்தது. மலைக்குப் போய் வந்த குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தது. எந்தக் குப்பி எது என்று அடையாளத்தைப் பார்த்தால்தான் தெரிந்தது.

இந்த மருந்துக்குச் சூட்டைக் காட்டிக்கொடுக்கக் குப்பியில் அந்தச் சின்னக் கட்டம் உண்டு, குளிரைக் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. மேடம் கிராம்பைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"குளிர்னு ஒண்ணு எங்கேருந்தும் வர்றதில்ல பழனிவேல். சூடுதான் போவுது. நீங்க வெளிச் சூடு உள்ள வராம பாத்தீங்க, மருந்துல இருந்த சூட்ட ஐஸ் இழுத்துக்கினு போனத யாரு பாத்தா?"

இத்தனைக்கும் எனக்கு அது தெரியாத விஷயம் இல்லை. வேர்த்த ஐஸ், உருகிக்கொண்டிருக்கும் ஐஸ், பூஜ்யத்திலேயே நிற்கும், அதற்குக் கீழே இழுக்காது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸுக்கு இருபது டிகிரிப் பசி. குப்பி அதைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்ணாடி வழியாக இழுத்துவிடும், தொடாவிட்டால் நடுவில் இருக்கும் காற்று வழியாக இழுத்துவிடும். முன்வாசலில் காவல் இருந்துகொண்டு கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருந்தேன். அந்த இரண்டு கோடைகளுக்குள் அந்த ஊரில் செல்வராணி கையால் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் பதினேழு பேர். ஊசியால் அவர்களுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, காவலும் இல்லை. பதினேழு பேருக்கும் முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். அது பெரிதில்லை. அந்த ஊரில் என்ன சொல்வது என்பதுதான் பெரிதாக இருந்தது. கூடுதல் தவணை என்று சொல்லிப் போட்டுவிடுங்கள், விவரம் வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்றார் டாக்டர். நானும் அதையே சொன்னேன். டாக்டர் அந்த ஊரை நினைத்துச் சொன்னார், நான் என்னை நினைத்துச் சொன்னேன். செல்வராணி ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் சொல்றது நெசம்னு நம்பித்தான் சார் காட்டுலேருந்து வூட்டுக்கு வந்தாங்க. இப்ப பொய் சொல்லிட்டு மறுபடி எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஏறுவேன்?"

அவரோடு நானும் ஏறினேன். பெட்டியை நான்தான் தூக்கினேன், வேர்க்க விட்ட ஐஸோடு. வழி நெடுக நான்தான் பேசிக்கொண்டே போனேன். ஊர் நடுவில் புங்கமரத்தடியில் பெண்கள் கூடினார்கள். செல்வராணி சுற்றி வளைக்கவில்லை. போட்ட மருந்து வழியில் உறைந்து கெட்டுப்போயிருக்கிறது, ஐஸ் அதிகமாகிவிட்டது, தப்பு எங்களுடையது, மறுபடியும் மூன்று தடவை போட வேண்டும் என்றார். ஐஸ் வைக்கச் சொன்னவன் நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. அந்த இருமல் குழந்தையின் அம்மா மல்லிகா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தப் பதினேழில் சேர்த்தி. என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசம் எம்பொண்ணு மூச்சு வாங்க முடியாம கெடந்துது. இந்தப் பொட்டியத் தூக்கிக்கினு இனிமே என் வூட்டுப் பக்கம் வராதீங்க."

அன்றைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், செல்வராணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அடுத்த வாரம் அவர் தனியாக ஏறினார். அதற்கடுத்த வாரமும். திட்டு வாங்கினார், பதில் சொன்னார், மறுபடி ஏறினார். நாலு பேர் வந்தார்கள், பிறகு ஒன்பது பேர். எட்டு மாதத்தில் பதினைந்து பிள்ளைகளுக்கு மூன்று தவணையும் முடிந்தன. மல்லிகாவின் இரண்டு பிள்ளைகள் மட்டும் நின்றுவிட்டார்கள். அவர் வருவதைப் பார்த்தாலே அவள் கதவைச் சாத்திவிடுவாளாம்.

அந்த வருடக் கடைசியில் செல்வராணிக்குத் திருநாவலூர் பக்கம் மாற்றல் வந்தது. கிளம்பும் முன்னால் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். புது நர்ஸுக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் நீங்கள் மாதா மாதம் வெள்ளிமலைக்குப் போகிறவர், ஒரு எட்டு அந்த இரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், போட்டுக்கொண்டார்களா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். சரி என்றேன்.

நான் போகவில்லை. வெள்ளிமலைக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. அந்த ஊருக்கு வழி பிரியும் இடம் வரும்போது ஜீப் டிரைவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். மல்லிகா கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். போய்ப் பார்த்து, அங்கே ஒரு பிள்ளை இல்லாமல் இருந்தால் என்ற பயம் அதைவிடப் பெரியது. செல்வராணி போன் செய்யும்போதெல்லாம் வீடு பூட்டியிருந்தது என்றேன். பிறகு குடும்பத்தோடு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றேன். அவர் நம்பினார், வருடத்துக்கு ஒரு தடவையாவது திரும்பி வந்துவிட்டார்களா என்று கேட்பார். எந்த ஊரில் கக்குவான், எந்த ஊரில் தொண்டை அடைப்பான் என்று காதில் விழுந்தாலும் எனக்கு அன்று சோறு இறங்காது. இருபது வருடம் போய்விட்டது. நோட்டில் நான்கு, நான்கு என்று எழுதியவரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். நான்கு நாள் முதல் பக்கத்தையே கிழித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலை பஸ் ஏறிவிட்டேன். இப்போது அந்த ஊர் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, ஷேர் ஆட்டோ போகிறது. மல்லிகாவின் வீடு ஓட்டு வீடாகியிருந்தது. வாசலில் மரவள்ளிக்கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேர் சொல்வதற்குள் அவளே கேட்டாள், அந்த ஐஸ் பெட்டிக்காரர்தானே என்று. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாளாம், பேரன் இருக்கிறானாம். பையன் கள்ளக்குறிச்சியில் டிராக்டர் ஷெட்டில் வேலை பார்க்கிறானாம். அப்போதுதான் உட்கார்ந்தேன். அப்புறம் அதைக் கேட்டேன். ஊசி போடவே இல்லையா என்று.

"யாரு சொன்னா போடலன்னு? கீழ பெரியாஸ்பத்திரிக்கே இட்டுக்கினு போயி போட்டேன். ஒண்ண இடுப்புல வச்சிக்கினு, ஒண்ண கையில புடிச்சிக்கினு, மாசத்துக்கு ஒரு வாட்டி மூணு வாட்டி. மலை ஏறி வந்தாத்தான ஊசி கெட்டுப்போவுதுன்னு அந்தம்மா சொன்னாங்க. அதான் ஊசி ஏற வேணாம்னு புள்ளைங்கள எறக்கினேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. மரத்தடியில் நின்றிருந்த அத்தனை பேரில் செல்வராணி சொன்னதை முழுசாகக் காதில் வாங்கியவள் இவள்தான். கோபத்தில் கதவைச் சாத்தினாளே தவிர, கேட்டதை விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா வீட்டு ஊர்ப் பேரைக் கொடுத்திருக்கிறாள், அதனால் எங்கள் பதிவேட்டில் சேரவில்லை. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க யாரும் வந்து கேக்கவே இல்லியே" என்றாள். அதில் கோபம் இல்லை, கிழங்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டே சொன்னாள். புது நர்ஸ் இரண்டு மாதம் வந்தாராம், அப்போது இவள் அம்மா வீட்டில் இருந்தாளாம். பிறகு எவரும் வரவில்லை. ஐஸ் வைக்கச் சொன்னது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். மறுவாரமே, கதவைச் சாத்துவதற்கு முன்னால், ஐஸ் வைக்கச் சொன்னது யார் என்று செல்வராணியிடம் கேட்டாளாம், கூட வந்த மெக்கானிக் என்று மட்டும் சொன்னாராம்.

ரோட்டுக்கு வந்ததும் செல்வராணிக்குப் போன் செய்தேன். உளுந்தூர்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார், முட்டி வலியால் அதிகம் நடப்பதில்லை. மல்லிகாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். கேரளாவிலிருந்து எப்போது வந்தார்கள் என்று கேட்டார். அவர்கள் எங்கேயும் போகவில்லை சிஸ்டர், நான்தான் போகவில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறேன் என்றேன்.  லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு, மூன்று தவணையும் போட்டாளா என்று கேட்டார். போட்டாளாம் என்றேன்.

"போட்டாளாம்னா? கார்டு வச்சிருப்பா, உள்ள போயி வாங்கிப் பாருங்க. தேதிய ஒவ்வொண்ணா படிச்சிக் காட்டுங்க, நான் லைன்லயே இருக்கேன். இந்த வாட்டியாவது நெசமா பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் திரும்பி அந்த வீட்டை நோக்கி நடந்தேன்.